மிச்சமிருந்த சாம்பல் ஒயர்

எல்லா ஒயருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர.

சிவப்பு ஒயர் பேட்டரிக்குப் போனது. கறுப்பு, இன்ஜினின் உடம்போடு சேர்ந்தது. வெள்ளை, நிறுத்தும் பொத்தானைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும், எந்த வீட்டு உறவு என்று யாருக்கும் தெரியாத கல்யாண விருந்தாளி மாதிரி, மூடிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

"நீ யாருப்பா?" என்று விளையாட்டு வாத்தியார் அதையே கேட்டார்.

பழைய அவுட்போர்டு இன்ஜின் அது. படகின் பின்பலகையில் மாட்டி, கயிற்றை இழுத்தால் ஓடுகிற ரகம். வாங்கி வந்த அன்றே தண்ணீரில் இறக்கியிருக்கலாம். ஆனால் வாத்தியார் எதையும் முறைப்படி செய்கிறவர். யாரென்று தெரியாத ஒயர் தொங்கும்போது கயிற்றை இழுப்பது, ஷூ நாடா அவிழ்ந்த பையனை ஓட்டப்பந்தயத்தில் விடுவதற்குச் சமம் என்று அவருக்குத் தோன்றியது.

விற்றவருக்கு போன் போட்டார்.

"அதுவா சார்? ஏதோ மீட்டருக்குப் போன ஒயர். மீட்டர் என்னிக்கோ போச்சு. நுனியில டேப்பைச் சுத்தி உள்ள தள்ளிடுங்க."

"நிச்சயமா மீட்டர்தானா?"

"நான் வாங்கும்போது அப்படித்தான் சொன்னாங்க."

வாங்கும்போது சொன்னார்களாம். இந்தப் பதில் வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

இதில் அவருக்கு விளையாட்டு இல்லை. அவருடைய பள்ளியிலேயே கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவிக்கு, ஏரியின் அக்கரைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் முதல் பீரியடு முடிந்துவிடும். பள்ளியை ஒட்டி ஓர் அறை காலியாக இருக்கிறது, வாரம் முழுக்க அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று அக்கரைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டீச்சர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "போகாதே" என்று வாத்தியார் சொல்லவில்லை. இன்ஜின் வாங்கி வந்தார். "இது எதுக்கு?" என்று டீச்சர் கேட்கவில்லை, பெட்டியில் துணி வைக்காமல் அதைத் திறந்தபடியே விட்டு வைத்தார். அந்த வீட்டில் பெரிய விஷயங்களெல்லாம் இப்படித்தான் பேசி முடிக்கப்படும்.

பள்ளிக்கூடம் என்றைக்கோ கழித்துக் கட்டிய துடுப்புப் படகு ஒன்று, அவர் கையால் பூசிய புது வண்ணத்தோடு படகுத்துறையில் காத்திருந்தது. இன்ஜினோ வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிய ஒரு பலகையில் மாட்டப்பட்டிருந்தது. சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது.

சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டுப் பெண். தோளில் கைக்குழந்தை.

"இன்ஜினா சார்? சத்தம் ரொம்ப வருமா சார்?"

"ஏம்மா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

அவள் வாத்தியாரிடம் படித்தவள். அந்தக் காலத்தில் அவளைப் போல் ஓடக்கூடியவர்கள் பள்ளியில் இல்லை. ஆனால் ஒரு பரிசும் வாங்கியதில்லை. வாத்தியார் "ரெடி" என்று சொன்ன மாத்திரத்தில் கிளம்பிவிடுவாள். "கோ" சொல்லும்போது பாதி மைதானத்தில் இருப்பாள். வருஷா வருஷம் அவளை ஆட்டத்திலிருந்து நீக்கியவர் அவர்தான். அதனாலோ என்னவோ, இன்னும் அவர் முன்னால் அவளுக்குப் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

அன்று மாலை மச்சினன் வந்து சேர்ந்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். பேசும்போது ஸ்க்ரூடிரைவரை ஆட்டி ஆட்டிப் பேசுவான்.

"ஒயரைப் பார்த்துப் பயப்படக் கூடாது மாமா. கொஞ்சம் கரண்ட்டைக் கொடுத்தா அதுவே தன் பேரைச் சொல்லிடும். நான் நுனியைப் பிடிக்கிறேன். நீங்க பேட்டரிப் பக்கம் நில்லுங்க. தொடுறதுக்கு முன்னாடி மட்டும் குரல் கொடுங்க, நான் கையை எடுத்துக்கணும்."

குரல் கொடுப்பதற்கு வாத்தியாரிடம் ஒரே ஒரு குரல்தான் உண்டு. மைதானத்தின் நாலு மூலைக்கும் கேட்கும்படி தயாரிக்கப்பட்டது அது.

"ரெடீ...!"

தகரக் கூரையிலிருந்து ஒரு காக்கை கிளம்பிப் பறந்தது.

"ஸ்டெடீ...!"

ஒயரைப் பேட்டரியில் தொட வைத்தார். ஒரு பொறி தெறித்தது.

அப்புறம் அது வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறிய ஓர் உறுமல். பலகை அதிர்ந்தது. புரொப்பெல்லரின் இலைகள் லேசாக நடுங்கின. இன்ஜின் மேல் மச்சினன் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர் தானாக நகர்ந்து, மெள்ள மெள்ள ஓரத்துக்கு வந்து, கீழே விழுந்தது.

"பெட்ரோல் இருக்கா மாமா?"

"சொட்டு கிடையாது."

"ஒயரை எடுங்க, எடுங்க!"

எடுத்தார். உறுமல் நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒயர் அந்தரத்தில் தொங்க, இன்ஜின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டேயிருந்தது. நன்றாக ஓர் ஆள் மூச்சு வாங்கி ஆறுகிற நேரம் கழித்து, பெருமூச்சு மாதிரி இறங்கி, கடைசியில் ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கியது.

மச்சினன் கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரண்ட்டை உள்ள சேர்த்து வெச்சிக்குது மாமா," என்றான். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "நானும் எத்தனையோ மோட்டாரைப் பிரிச்சிருக்கேன். இது வேற."

வாத்தியார் மறுபடியும் போனை எடுத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"மீட்டர் ஒயர் சார்."

"மீட்டர் ஒயர் உறுமுமா?"



"சார், வித்த பொருளை நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன்," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

"மறைக்கிறான்," என்றான் மச்சினன்.

மறுநாள் கப்பல்காரர் வரவழைக்கப்பட்டார். பெரிய கப்பல்களின் இன்ஜின் அறையில் காலம் தள்ளிவிட்டு, இப்போது படகுத்துறையில் உட்கார்ந்து போகிற வருகிற படகுகளுக்கெல்லாம் குறை சொல்கிறவர். தொப்பியைக் கழற்றியே யாரும் பார்த்ததில்லை.

வாத்தியார் ரெடி சொன்னார், ஸ்டெடி சொன்னார், ஒயரைத் தொட வைத்தார். கப்பல்காரர் இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். உறுமல் அவர் கை வழியாக ஏறி, கன்னத்துச் சதை வரை வந்தது.

"நான் பார்க்காத கடல் இல்ல வாத்தியாரே. இந்த மாதிரி உறுமலை..."

"எங்க கேட்டிருக்கீங்க?"

"எங்கயும் கேட்டதில்ல. அதைத்தான் சொல்றேன்."

"கயிறை இழுத்துப் பார்த்துடலாமா?"

கப்பல்காரர் கண்ணைத் திறந்தார். "என்ன வாத்தியாரே, புத்தி இருக்கா? சும்மா நிக்கும்போதே இப்படி உறுமுது. கயிறை இழுத்தா ஏரி தாங்குமா? முதல்ல அந்த ஒயர் எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தார்கள். மேல் மூடியைக் கழற்றினார்கள். அதற்குக் கீழே இருந்த சக்கரத்தைக் கழற்றினார்கள். சாம்பல் ஒயர், காயில் என்கிற கம்பிச் சுருளுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. காயிலைக் கழற்றினார்கள். கழற்றிய திருகாணிகளை வாத்தியார் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவின் தட்டுகளில் வகை பிரித்து வைத்தார். டப்பா நிறைந்ததும் மச்சினன் மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்ஜின் மெலிந்துகொண்டே வந்தது. உறுமல் மட்டும் மெலியவில்லை.

"வெட்டிடலாம்," என்றார் கப்பல்காரர். "வேரோட இருக்கிற வரைக்கும் இது விளங்காது."

மச்சினன் கட்டரை வைத்து ஒயரை வெட்டி எடுத்தான். நீளமான துண்டு. கப்பல்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேட்டரி ஒரு மூலையில் கிடந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. வாத்தியார் வெறும் பழக்கதோஷத்தில், தொண்டையைச் சரிசெய்துகொள்வது போலச் சொன்னார்:

"ரெடீ...! ஸ்டெடீ...!"

பலகை உறுமியது.

கப்பல்காரரின் கையிலிருந்த ஒயர் நழுவி விழுந்தது. அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே தலை வழுக்கை என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"ஒயர் இல்ல, கரண்ட் இல்ல," என்றார் அவர். "இது உங்க குரலைக் கேக்குது வாத்தியாரே."

உறுமல் அடங்கியது. பிறகு மச்சினன் முன்னால் வந்து "ரெடி, ஸ்டெடி" என்றான். ஒன்றும் நடக்கவில்லை. கப்பல்காரர் கரகரத்த குரலில் ஒரு தரம் சொன்னார். இன்ஜின் அவரை மதிக்கவேயில்லை. அந்த நேரம் பார்த்து டீச்சர் தேநீரோடு வந்து, "என்னங்க, எல்லாம் ரெடியா?" என்றார். மூன்று ஆண்களும் அவர் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் டீச்சர்.

"உன் குரலுக்கும் வரல," என்றார் வாத்தியார்.

மறுபடி அவரே சொன்னார். வந்தது.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். இப்போதெல்லாம் மைதானத்தில் அவர் "ரெடி" என்றால் பையன்கள் அப்போதுதான் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். "ஸ்டெடி" என்றால் ஒருத்தன் கொட்டாவி விடுகிறான். வீட்டில் நாய் வளர்த்தார், அது மனைவி சொன்னதை மட்டும் கேட்டது. யாரோ எப்போதோ வார்த்த ஓர் இரும்பு, எந்தெந்தக் கைகளிலோ மாறி வந்து, கடைசியில் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. அவர் இன்ஜினின் தோளில் கை வைத்தார். அதற்குத் தோள் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை கொட்டகை வாசலில் வரிசை நின்றது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள், கண் கலங்கினார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கீழ்ப்பாகத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றப்பட்டது. இன்னொருவர் அதை மாட்டினால்தான் தெரியும் என்றார். மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சமிருந்தது. வாஷர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க மறுபடி கழற்றப்பட்டது.

வரிசையில் நின்றவர்களைத் தாண்டி டீச்சர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியில் இரண்டு புடவைகளை வைத்தார்.

சனிக்கிழமை காலை பள்ளித் தலைமையாசிரியரே கிளம்பி வந்தார். கூட ஆசிரியர்கள் எல்லோரும். அடுத்த வீட்டுப் பெண் குழந்தையும் பையுமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தவள், கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றாள்.

"அம்மா வீட்டுக்குப் போறேன் சார். நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்."

"நல்லபடியா போயிட்டு வாம்மா. போறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறியா?"

"ஐயோ, வேணாம் சார்," என்று அவள் ஓடியே போய்விட்டாள்.

தலைமையாசிரியர் முன்வரிசையில் நின்றார். கப்பல்காரர் அறிமுகவுரை ஆற்றினார். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரெடீ...! ஸ்டெடீ...!"

ஒன்றுமில்லை.

"ரெடீ...!"

எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. அதையும் சிலர் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

வாத்தியார் கத்தினார். கைகளைக் குவித்து வைத்துக் கத்தினார். இன்ஜினின் பக்கத்தில் குனிந்து, கோபித்துக்கொண்ட பிள்ளையிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னார். விசில்கூட அடித்துப் பார்த்தார். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தொண்டையைக் கவனிச்சுக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது.

"ஒயரை வெட்டினது தப்பு," என்றான் மச்சினன்.

"வெட்டச் சொன்னது யாரு?" என்றார் வாத்தியார். குரலே வரவில்லை; காற்றுதான் வந்தது.

கப்பல்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எங்கயோ கோளாறு. முழுசாப் பிரிச்சுடுங்க."

மாலையில் டீச்சர் கொட்டகைக்கு வந்தபோது, இன்ஜின் என்று சொல்லும்படி பலகையில் எதுவும் இல்லை. தரையில் அவருடைய நல்ல படுக்கை விரிப்பு. அதன் மேல் திருகாணி திருகாணியாக அது பரத்தப்பட்டிருந்தது. நடுவில் வாத்தியார் வெட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் எப்போதோ நழுவிவிட்டான்.

டீச்சர் விரிப்பைப் பார்த்தார். அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணுங்க. அந்த ரூம் வேணுமா, வேணாமான்னு."

இவ்வளவு நேரடியாக அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. வாத்தியார் தலை குனிந்தார்.

"இந்த ஒயர் எதுக்குன்னு மட்டும் தெரிஞ்சிடுச்சுன்னா..."

"கணக்குல தேவையில்லாத ஒரு எண்ணை வேணும்னே கொடுத்திருப்பாங்க. பசங்க அதையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நேரத்தை விடுவாங்க. அதை விட்டுட்டுக் கணக்கைப் போடுடான்னு சொல்லுவேன்." டீச்சர் ஒயரை அவர் கையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். "எனக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் கொட்டகையில் இருந்தார்கள். எது எதற்குப் பிறகு வரும் என்று டீச்சர் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், வாத்தியார் முறுக்கினார். மச்சினன் வீட்டுக்குப் போய் அவன் சட்டைப் பையைக் கவிழ்த்து வாங்கி வந்தார்கள். கடைசியில் வாஷர்கூட மிஞ்சவில்லை. உள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருந்த சாம்பல் ஒயரின் மொட்டை நுனியில், விற்றவர் சொன்னபடி டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளினார் வாத்தியார்.

திங்கட்கிழமை காலை, பெட்ரோல் ஊற்றிய இன்ஜின் படகின் பின்பலகையில் ஏறியிருக்க, படகுத்துறையில் ஊரே நின்றது. வாத்தியாருக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது. டீச்சர் ஒரு கையில் கைப்பையும் இன்னொரு கையில் பெட்டியுமாகப் படகில் ஏறி உட்கார்ந்தார். வாத்தியார் ஒரு தரம் பெட்டியைப் பார்த்துவிட்டு இன்ஜின் பக்கம் திரும்பினார்.

"குரல் கொடுங்க வாத்தியாரே!" என்று கரையிலிருந்து கப்பல்காரர் கத்தினார்.

கொடுத்தார். இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கொடுத்தார். இன்ஜின் அசையவில்லை. கப்பல்காரர் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை துக்க வீட்டில் கழற்றுவது போல.

"போச்சு மாமா. உயிர் போயிடுச்சு," என்றான் மச்சினன்.

"கயிறை இழுங்க," என்றார் டீச்சர்.

இழுத்தார். இன்ஜின் ஒரு தரம் இருமியது. மறுபடி இழுத்தார். நீலப் புகை ஒரு கொத்து வெளியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார்.

பிடித்துக்கொண்டது. உறுமல் எல்லாம் இல்லை. ஊரில் உள்ள எந்தப் படகும் போடுகிற அதே சாதாரணமான படபட. கரையிலிருந்தவர்கள் கை தட்டுவதற்குள் படகு நகர்ந்துவிட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. நேற்று வரை படுக்கை விரிப்பில் கிடந்த திருகாணிகள், இன்று இரண்டு மனிதர்களையும் ஒரு பெட்டியையும் ஓர் ஏரியின் மேல் சுமந்துகொண்டு போயின. வாத்தியார் சுக்கானைப் பிடித்தபடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். டீச்சரின் முந்தானை காற்றில் நேராக நின்றது.

அக்கரைப் பள்ளியில் முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. டீச்சர் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"பெட்டி?" என்றார் வாத்தியார்.

"காலிப் பெட்டிதாங்க. அந்த ரூம் வேணாம்னு நேத்திக்கே சொல்லிட்டேன். இது சும்மா, நீங்க கயிறை ஒழுங்கா இழுக்கணும்னு எடுத்துட்டு வந்தேன்." இரண்டு அடி நடந்து திரும்பினார். "சாயங்காலம் வந்துடுங்க."

சாயங்காலம் போய் அழைத்து வந்தார். போகும்போதும் வரும்போதும் இன்ஜின் ஒரு குறையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் கொட்டகைக்குப் போனார். சாம்பல் ஒயர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சக்தி முழுவதும் இன்ஜினுக்குள் இறங்கிவிட்டது, அதனால்தான் இனி அது உறுமாது என்று கப்பல்காரர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஒரு சாண் துண்டு தனக்கு வேண்டுமென்றும் கேட்டிருந்தார். வாத்தியார் ஒயரை எடுத்து, தூசி துடைத்து, சுருட்டி, மறுபடி ஆணியில் மாட்டி, வீட்டில் பழைய பரிசுக் கோப்பைகளோடு கண்ணாடி அலமாரியில் வைக்கலாமா என்று யோசித்தபடி அதன் முன்னால் நின்றார். ஏனென்று தெரியவில்லை, கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தோளில் குழந்தை கண் விழித்திருந்தது.

"இன்ஜின் ஓடிடுச்சாமே சார், ரொம்ப சந்தோஷம். இனிமே இங்க நின்னு 'ரெடி' சொல்ல மாட்டீங்கல்ல சார்? நீங்க கத்தினாலே பாப்பா முழிச்சிக்கும், உங்ககிட்ட வந்து சொல்லவும் பயம், அதான் ஒவ்வொரு தடவையும் 'ரெடி' கேட்டதும் ஓடிப்போய், பாப்பா அந்தச் சத்தத்துல தூங்கட்டும்னு இந்தச் சுவரோரம் இருக்கிற வாஷிங் மிஷினை வெறுமனே சுத்த விட்டுட்டிருந்தேன்."